பத்துக் குஞ்சில் எத்தனை தேறும்? நாமக்கல் பொடக்காணி சொல்லும் கோழிக் கணக்கு

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் கண்ணு மேஞ்சுட்டிருந்துச்சு. காத்தால கூண்டைத் தொறந்தா நாலு சுருண்டு கெடக்குது. மிச்சமும் றெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

பங்குனி, சித்திரை மாதங்களில் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் போன்களில் இப்படி ஒன்று அடிக்கடி இருக்கும். இந்தப் பக்கம் அம்மாவோ ஆயாவோ. அந்தப் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனோ பேத்தியோ. "விடும்மா, வேற வாங்கிக்கலாம்" என்று போனை வைத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பத்துக் கோழிதான் அம்மாவின் சேமிப்பு, அவசரச் செலவுக்கான ஏடிஎம், விருந்தாளி வந்தால் குழம்பு. ஒரு வாரத்தில் மொத்தமும் காலி.

இன்னொரு பக்கம், வொர்க் ஃபிரம் ஹோமுக்காக ஊர் திரும்பியவர்கள், வார இறுதியில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் என நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்படும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. பெரும்பாலானவற்றில் 'மாதம் இவ்வளவு லாபம்' என்பதுதான் தலைப்பு. முப்பது நாற்பது வருடம் பொடக்காணியில் கோழி வளர்த்தவர்களிடம் கேட்டால் லாபத்திலிருந்து பேச்சைத் தொடங்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது வேறு கேள்வி: "பொரிச்சதுல எத்தனை நின்னுச்சு?"

முட்டை நகரத்தில் வேறொரு கோழி

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வருவது முட்டை. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை இங்கிருந்து லாரி ஏறுகிறது. நெக் எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையைப் பார்த்துத்தான் உங்கள் தெருக் கடையில் முட்டை விலை ஏறி இறங்குகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கோழியினங்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழகத்துக்கு, சுமார் 12 கோடி. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. இந்தியா முழுக்கப் புறக்கடையில் வளரும் கோழிகள் சுமார் 31.7 கோடி. முந்தைய 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் 45 சதவீதத்துக்கு மேல் அதிகம். பண்ணைகள் பெருத்த அதே காலத்தில் கொல்லைப்புறக் கோழியும் பெருகியிருக்கிறது.

ஆனால் பண்ணைக் கூண்டில் இருப்பதும் வீட்டுக் கொல்லையில் மேய்வதும் கிட்டத்தட்ட வேறு வேறு பிராணிகள் என்றே சொல்லலாம். பண்ணை லேயர் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டி உருவாக்கிய இனம் அது. நாட்டுக்கோழி, அதிலும் கொல்லைக்கு ஏற்றதான சிறுவிடை, வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான். ஓர் ஈடு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சோடு திரியும். அதன் பிறகுதான் அடுத்த ஈடு. அதனால்தான் வருடத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு ஈடு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வளர்ந்த கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தீனி தின்னும். வருடத்துக்கு 36 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கிடைப்பது 70 முட்டை என்றால், தீனிச் செலவு மட்டுமே ஒரு முட்டைக்கு 15 ரூபாய். 'அடைத்து வைத்து, கடைத் தீனி போட்டு, நாட்டுக்கோழி முட்டை விற்றுச் சம்பாதிக்கலாம்' என்று கிளம்புகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கோழி தானாக மேய்ந்து பாதி வயிற்றையாவது நிரப்பிக்கொண்டால் மட்டுமே கணக்கு கட்டுப்படியாகும். குப்பைமேடு, களத்தில் சிந்திய சோளம், மாட்டுக் கொட்டகையில் கிடைக்கும் புழு, கரையான் எல்லாம் இல்லாத வீட்டில் நாட்டுக்கோழி ஒரு செலவுதான்.

ஆக, கொல்லைப்புறக் கோழியின் வருமானம் முட்டையில் இல்லை. குஞ்சில் இருக்கிறது. பத்துக் குஞ்சு பொரித்து எட்டு நின்றால் லாபம். இரண்டு நின்றால் அந்த மூன்று நான்கு மாதமும் வீண்.

இடிக்கு இரும்பு, வெயிலுக்கு ஈர மணல்

அடை வைப்பதில் ஊருக்கு ஊர் ஒரு பழக்கம். அகலமான மூங்கில் கூடை அல்லது உடைந்த பானையின் அடிப்பாகம், அதில் மணலோ வைக்கோலோ, மேலே கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும். சாம்பலும் வேப்பிலையும் கோழிப்பேனுக்காக. 21 நாள் அசையாமல் உட்காரும் கோழியைப் பேன் பிடித்தால் அது பாதியில் எழுந்துவிடும். அதனால் இதில் அர்த்தம் இருக்கிறது.

முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டு, இரண்டு கரித்துண்டு, காய்ந்த மிளகாய் வைப்பதும் வழக்கம். இடி இடித்தால் கரு கலங்கிவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்று நம்பிக்கை. இடியை இரும்புத் துண்டு தடுக்கும் என்பதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. வைத்தால் நஷ்டமும் இல்லை. ஆயாவோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

உண்மையில் முட்டையைக் கெடுப்பது வேறு ஒன்று. கோழி இட்ட முதல் முட்டையிலிருந்து அடைக்கு உட்காரும் வரை பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அதுவரை முட்டையை எங்கே வைக்கிறோம்? கிட்டத்தட்ட 24 டிகிரிக்கு மேல் வெப்பம் போனாலே முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கும். ஆனால் சீரான அடைச்சூடு இல்லாததால் அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். சேலத்தில் கோடையில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி சர்வ சாதாரணம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அலமாரி மேலே வைத்த முட்டை பொரிக்காமல் 'கூழையாக' போவது இதனால்தான். பழைய ஆட்கள் முட்டையைக் கம்பு, ராகிப் பானைக்குள் புதைத்து வைப்பதும், ஈர மணல் மேல் வைத்த மண்பானையில் போடுவதும் இதற்குத்தான். காரணம் தெரியாமலே கண்டுபிடித்த குளிர்ச்சி அறை என்று சொல்லலாம். ஃபிரிட்ஜ் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. சமையலுக்குச் சரி, அடை முட்டைக்கு அந்தக் குளிர் அதிகம்.

அடைக்கு வைக்கும் முட்டை எட்டுப் பத்து நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்காகவே சிலர் கரியால் முட்டை மேல் கோடு போட்டு வரிசை குறிப்பார்கள். கடைசியாக இட்டவற்றைத்தான் அடைக்கு வைப்பார்கள், முதலில் இட்டவை சமையலுக்கு. சிறுவிடைக் கோழிக்கு 9 முதல் 11 முட்டை போதும். ஆசைப்பட்டு 15 வைத்தால் ஓரத்தில் இருப்பவை மாறி மாறிக் குளிர்ந்து, எல்லாவற்றுக்கும் சூடு குறையும். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது மட்டும் சாஸ்திரம், கணக்கில்லை.

ஏழாம் நாள் இரவு உங்கள் செல்போனுக்கு வேலை. டார்ச்சை ஆன் செய்து, உள்ளங்கையால் மறைத்து, அதன் மேல் முட்டையின் அகலமான முனையை வையுங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. எதுவுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூழை முட்டை, எடுத்துவிடலாம். ரத்தம் வளையமாக மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டு கோழி ஒரே நேரத்தில் அடையில் இருந்தால், அனுபவசாலிகள் நல்ல முட்டைகளை ஒரு கோழிக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எழுப்பிவிடுவார்கள். அது சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். பொரித்த குஞ்சுகளை ஒரு தாயிடம் சேர்ப்பதென்றால் இரவில்தான் சேர்க்க வேண்டும். பகலில் விட்டால் கொத்திவிடும். காலையில் கண் விழிக்கும் கோழி, வயிற்றுக்கடியில் இருக்கும் எல்லாவற்றையும் தன் பிள்ளை என்றே நினைத்துக்கொள்ளும்.

முதல் எட்டு வாரம்

குஞ்சு பொரித்த நாளிலிருந்து எதிரிகள் வரிசை கட்டி நிற்பார்கள். பருந்து, காகம், கீரி, பூனை, நாய், பாம்பு. பெரிய இழப்பு பெரும்பாலும் முதல் சில வாரத்தில்தான்.

கொங்குப் பக்கம் கொடாப்பு, தெற்கே பஞ்சாரம். மூங்கிலால் முடைந்த இந்தக் கவிழ்த்துப் போடும் கூடையைப் பலர் அழகுப் பொருளாகப் பார்க்கிறார்கள். தாயையும் குஞ்சையும் முதல் பத்து நாளாவது இதற்குள் வைத்துத் தீனி கொடுத்து, பிறகு வெயில் தாழ வெளியே விடுவது பழைய முறை. தாய்க்கோழியை மட்டும் உள்ளே அடைத்து, கண்ணி வழியே குஞ்சுகள் வந்து போகும்படி செய்வதும் உண்டு. குஞ்சு தூரம் போகாது. பருந்து நிழல் தெரிந்ததும் தாய் குரல் கொடுத்தால் ஓடி உள்ளே வந்துவிடும். வெட்டவெளிக் கொல்லையை விட, கிளுவை வேலியும் புதரும் இருக்கும் கொல்லையில் குஞ்சு அதிகம் தேறுவதும் இதனால்தான். ஒளிய இடம் வேண்டும். சிமென்ட் போட்டுச் 'சுத்தமாக' வைத்திருக்கும் பின்கட்டு, பருந்துக்கு டைனிங் டேபிள்.

தாயில்லாத குஞ்சு வாங்கினால் பல்பு வெளிச்சத்தில் சூடு கொடுக்க வேண்டும். அட்டையை வட்டமாக வளைத்துத் தடுப்பு போடச் சொல்வார்கள். சதுரப் பெட்டி ஏன் கூடாது? குளிர் பட்டாலோ பயந்தாலோ குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன் மேல் ஒன்று அடையும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். வட்டத்துக்கு மூலை கிடையாது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. தெர்மாமீட்டரே வேண்டாம். தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள். ஆழம் குறையும், குஞ்சு மூழ்காது.

தீனியில் ஒரு பழைய வித்தை இன்றும் செல்லுபடியாகும். பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, இற்றுப்போன ஓலையைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். குஞ்சுக்கு இது செலவில்லாத புரதம். குருணையும் தவிடும் மட்டும் தின்ற குஞ்சுக்கும் கரையான் தின்ற குஞ்சுக்கும் ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரியும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

வெள்ளைக்கழிச்சல்: மஞ்சளா, தடுப்பூசியா?

இனி, முதலில் சொன்ன அந்த போன் காலுக்கு வருவோம். ஒரே வாரத்தில் கூண்டைக் காலி செய்வது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். கோழிக்கழிச்சல் என்றும் சொல்வார்கள், மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், தொங்கும் இறக்கை, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பிழைத்தாலும் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்வது இதன் அடையாளங்கள். இங்கிலாந்தின் நியூகாஸில் நகருக்கு அருகே 1926-27-ல் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாஸில் நோய் என்கிறது. அதே காலத்தில் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கேத் என்ற மலையூரிலும் காணப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர்.

இது வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்தில் ஒன்றிரண்டு மிஞ்சுவதே பெரிது.

சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்து உருண்டையாகக் கொடுப்பது இந்தப் பகுதி வீடுகளில் தலைமுறை வழக்கம். மழைக்காலச் சளிக்கும் சாதாரணக் கழிச்சலுக்கும் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. கோழி தெளிவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 'எங்க கோழிக்கு மஞ்சள் உருண்டை குடுக்கிறோம், ஊசி வேண்டாம்' என்பதுதான் ஆபத்து. பழைய அறிவு எல்லாமே சரி என்று ரொமான்டிசைஸ் செய்வதற்கு இங்கே விலை பத்து உயிர்.

தடுப்பூசிக் கணக்கு எளிது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் எஃப்1 அல்லது லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் மறுபடி லசோட்டா. எட்டு வாரம் முடிந்ததும் இறக்கையில் ஆர்2பி ஊசி. ஒவ்வொரு ஆண்டும் கோடைக்கு முன், வழக்கமாக பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை இரு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இலவசம். கோழியை வெளியே விட்ட பிறகு பிடிக்க முடியாது என்பதால் முகாம் விடியற்காலையிலேயே தொடங்கும். முந்தின இரவு எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தால் மட்டும் போதும்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். பிப்ரவரி 1-ம் தேதி குஞ்சுக்கு எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டுமென்றால் அது டிசம்பர் முதல் வாரத்தில் பொரித்திருக்க வேண்டும். அதற்கு 21 நாள் முன், அதாவது கார்த்திகை பிறக்கும்போது அடை வைத்திருக்க வேண்டும். கார்த்திகை ஈடு முகாமில் ஊசி போட்டுக்கொண்டு, கோடை வருவதற்குள் தயாராகிவிடும். தை, மாசியில் அடை வைத்த ஈடு முகாமைத் தவறவிட்டு, சின்னக் குஞ்சாகவே பங்குனி வெயிலில் மாட்டிக்கொள்ளும். அதற்கு நீங்களே கால்நடை மருந்தகத்துக்கு நடக்க வேண்டும்.

நடந்தால் அங்கே இன்னொரு சிக்கல். ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்றுதான் வரும். கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்திருக்க முடியாது. எட்டுக் கோழிக்காக யார் குப்பியை உடைப்பார்கள்? விவரமானவர்கள் தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். இது மருந்துச் சிக்கனம் மட்டுமில்லை. உங்கள் கோழியும் பக்கத்து வீட்டுக் கோழியும் கிளறுவது ஒரே குப்பைமேட்டைத்தான். உங்களுடையதற்கு மட்டும் ஊசி போட்டால், சுற்றிலும் நோய் சுழன்றுகொண்டே இருக்கும். அம்மாவுக்கு இந்த விஷயத்தில் தெரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிக் கொடுப்பது நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி. இன்னொன்று, மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் கொண்டு வர வேண்டும். சட்டைப் பையில் வைத்து பைக்கில் 10 கிலோமீட்டர் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

குளிர்ச்சி காக்கும் இந்தத் தொல்லை உலகம் முழுக்க உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்ற, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்து ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்படுவது இதனால்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனி மாதிரி வாய்வழியாகக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி நடக்கும்போது இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சந்தையிலிருந்து வருவது

நோய் எப்படி வீட்டுக்கு வருகிறது? பல நேரம் நாமே கையில் பிடித்துக்கொண்டு வருகிறோம். பக்கத்து ஊரில் கோழி சாகத் தொடங்கியதும் மிச்சத்தை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. 'விலை கம்மியா கெடைச்சுது' என்று வாங்கி வந்த கோழியை நேராகக் கூட்டத்தில் விட்டால் முடிந்தது. புதிதாக வரும் கோழியைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீரோடு வைத்துப் பார்ப்பது பழைய வளர்ப்பாளர்களின் கறாரான விதி. சீதனமாக வந்தாலும் சரி, மச்சான் கொடுத்ததாக இருந்தாலும் சரி. செத்த கோழியை ஓடையிலோ ரோட்டோரத்திலோ வீசாமல், ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். திடீரெனக் கூட்டமாகச் செத்தால் குழம்பு வைக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பண்ணைகளில் வேலை செய்பவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று பண்ணைக்காரர்கள் கறாராக இருப்பதும் இதே பயத்தில்தான்.

தெருவில் கூடையில் வரும் பச்சை, ரோஸ் கலர் குஞ்சுகளிலிருந்து கோழி வளர்ப்பைத் தொடங்க வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழிக்கும் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. அதே போல, 'குஞ்சு நாங்க தர்றோம், தீனி நாங்க தர்றோம், வளர்த்துக் குடுத்தா மாசம் இவ்வளவு' என்று முன்பணம் கேட்கும் ஆட்களிடமும் ஜாக்கிரதை. பெருந்துறையில் ஈமு பண்ணைகள் 2012-ல் சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. கொங்குப் பகுதிக்கு அது ஆறாத வடு.

எந்தச் சேவல் குழம்புக்கு?

எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சச் சேவல்கள் கறிக்கும் விற்பனைக்கும். இதில் எல்லா வீட்டிலும் நடக்கும் ஒரு தப்பு உண்டு. சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் இருப்பதிலேயே பெரிய, வாட்டசாட்டமான சேவலைத்தான் பிடிப்பார்கள். சோப்ளாங்கியாக ஒன்று மிஞ்சும். அடுத்த ஈடெல்லாம் அதன் வாரிசு. நாலைந்து வருடத்தில் 'நம்ம கோழி முன்ன மாதிரி இல்லையே' என்று புலம்பல் தொடங்கும். ஒரே சேவல் வருடக்கணக்கில் தன் பெட்டைக் குஞ்சுகளோடேயே சேர்வதும் இதில் சேர்ந்துகொள்ளும்.

விவரமான ஆயாக்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர் உறவினரிடம் சேவலை மாற்றிக்கொள்வார்கள். நல்ல சேவலையும், குஞ்சை முழுசாகத் தேற்றிக்கொடுக்கும் பெட்டையையும் மனதுக்குள் குறித்து வைத்திருப்பார்கள். விருந்தாளி கண்ணில் அந்தச் சேவல் படுவதற்குள் கொடாப்பைக் கவிழ்த்து மேலே ஒரு சாக்கையும் போட்டுவிட்டு, "அது அடையில இருக்குதுங் மாப்பிள்ளை" என்பார்கள். சேவல் எங்கே அடை உட்காரும் என்று மாப்பிள்ளையும் கேட்டதில்லை.